மூலிகைச் சாறு புற்றுச் செல்லைக் கொல்கிறது என்றால், அது ஏன் இன்னும் மருந்தாகவில்லை?

கதிரொளி:
அனைவருக்கும் வணக்கம். என் அத்தைக்கு மார்பகப் புற்று. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் டாமோக்சிஃபென் மாத்திரை பல வருடம் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு மூலிகைச் செய்தி வருகிறது. முள்சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது, நித்தியகல்யாணி இலையை மென்றால் போதும், மஞ்சளை மிஞ்சிய மருந்தில்லை, இப்படி. எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம் என்று பார்த்தால், தேடும்போது நிஜமான ஆய்வுக் கட்டுரைகளே கிடைக்கின்றன. இந்த இலையின் சாறு இந்தப் புற்றுச் செல்லைக் கொன்றது என்று அட்டவணையோடு போட்டிருக்கிறார்கள்.

கட்டுரைகள் பொய்யா? பொய்யில்லை என்றால் ஏன் எந்த மருத்துவமனையிலும் இதைக் கொடுப்பதில்லை? கீமோவோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன கெடுதல்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சிலைப்பித்தன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பரே? காப்புரிமை வாங்க முடியாத பொருளில் மருந்துக் கம்பெனிக்கு லாபமில்லை. அதனால் அமுக்கிவிடுகிறார்கள். இன்று இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் எங்கிருந்து வந்தது? நம் கண்ணெதிரே பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான். முன்னோருக்குத் தெரிந்ததை இவர்கள் ஊசியில் அடைத்து விற்கிறார்கள்.

ஆய்வக_எலி:
கதிரொளி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த அட்டவணை எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன்.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்றுச் செல்கள். இலையைக் காயவைத்து, பொடித்து, மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வடித்து, கரைப்பானை ஆவியாக்கினால் ஒரு பிசுபிசுப்பான பசை மிஞ்சும். அதுதான் கட்டுரைகளில் வரும் 'சாறு'. அதை டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தில் கரைத்துக் குழிகளில் வெவ்வேறு அளவில் விடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்போம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும். எந்தக் குழியில் ஊதா குறைவோ அங்கே சாவு அதிகம் என்று கணக்கு. பாதிச் செல்கள் குறைவதற்கு எவ்வளவு சாறு வேண்டியிருந்ததோ அந்த அளவுக்குப் பெயர் ஐசி-50.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது சொல்வது மிகக் கொஞ்சம். டிஎம்எஸ்ஓ கொஞ்சம் கூடினால் அதுவே செல்லைக் கொல்லும். உப்புக் கரைசல் கெட்டியானாலும் சாகும். சில தாவரச் சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் சாயத்தைத் தாமாகவே ஊதாவாக்கிவிடும், அப்போது கணக்கே தப்பிப்போகும். பக்கத்திலேயே சாதாரண, புற்றில்லாத செல்லை வைத்து அதுவும் சாகிறதா என்று பார்க்காத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

அளவையும் பாருங்கள். நிறைய கட்டுரைகளில் ஐசி-50 ஒரு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் என்று போட்டுவிட்டு 'சிறந்த புற்றெதிர்ப்பு ஆற்றல்' என்று முடிப்பார்கள். பெரியவர் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம். அந்த அடர்த்தி வேண்டுமானால் ஒரு கிராம் பசை அப்படியே இரத்தத்தில் கரைந்து, கல்லீரல் தொடாமல், சிறுநீரில் போகாமல், நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வாயால் குடித்து அது நடக்காது. இந்தத் துறையில் முதல்கட்டச் சல்லடையாக வைத்திருக்கும் வரம்பே சுத்திகரிக்காத சாறுக்கு 20 அல்லது 30 மைக்ரோகிராம்தான். வின்கிரிஸ்டின் போன்ற மருந்து நானோ அளவில், அதாவது இதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வேலை செய்யும்.

வெள்ளெருக்கு:
முள்சீத்தா 10,000 மடங்கு கதை எங்கிருந்து வந்தது? அதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவிலும் சுற்றுகிறது.

ஆய்வக_எலி:
அதற்கு உண்மையில் ஒரு கட்டுரை இருக்கிறது. 1996இல் வந்தது. முள்சீத்தா விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரே ஒரு சேர்மம், ஒரே ஒரு பெருங்குடல் புற்றுச் செல்வகை, தட்டில் வைத்துப் பார்த்தபோது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தைவிட 10,000 மடங்கு வீரியம். அவ்வளவுதான். இலைக் கஷாயம் இல்லை, மனிதர் இல்லை, வேறு புற்றும் இல்லை. கடைசிப் பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பச் சேர்மங்கள் செல்லின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்தித்தான் கொல்கின்றன. நரம்புச் செல்லுக்கும் ஆற்றல் வேண்டுமே. கரீபியனில் குவாடலூப் தீவில் வழக்கமான மருந்துக்குச் சரிவர மசியாத ஒருவகைப் பார்க்கின்சன் நோய் அதிகமாக இருப்பதை 1999இல் கவனித்தார்கள். முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் நிறைய எடுத்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. அதுதான் காரணம் என்று முடிந்த முடிபாகச் சொல்ல முடியாவிட்டாலும், தினமும் கஷாயம் வைக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது.

பச்சிலைப்பித்தன்:
எலியாரே, நித்தியகல்யாணிக்குப் பதில் வரவில்லையே. அங்கே உங்கள் தட்டுக் கதை செல்லாது. அது மனிதரிடம் வேலை செய்கிறது.

ஆய்வக_எலி:
வேலை செய்கிறது, யார் இல்லை என்றது? ஆனால் முன்னோர் அதைப் புற்றுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் சரியில்லை.

செடியின் பிறப்பிடம் மடகாஸ்கர். பிறகு வெப்பநாடுகள் எங்கும் பரவியது. நாட்டு வழக்கில் பல இடங்களில் சர்க்கரை நோய்க்குக் கொடுத்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு உறை நிறைய இலை கனடாவுக்கு வந்தது, இது சர்க்கரைக்குத் தேநீராகக் குடிப்பது என்ற குறிப்போடு. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபல் எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அசையவில்லை. ஊசி போட்டுப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை அசையவில்லை, ஆனால் எலிகள் சில நாளில் கிருமித்தொற்றில் செத்தன. வெள்ளணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை வற்றிப்போயிருந்தது. மஜ்ஜையை இப்படி அடக்கும் பொருள், வெள்ளணு பெருகும் இரத்தப் புற்றுக்கு உதவுமே என்று தோன்றியது. வேதியியலாளர் சார்லஸ் பீரும் சேர்ந்து பிரித்தெடுத்ததுதான் வின்பிளாஸ்டின், 1958. அதே சமயத்தில் எலை லில்லி மருந்து நிறுவனத்திலும், அவர்களும் சர்க்கரை நோய்க் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய், எலியின் இரத்தப் புற்றில் செடியின் பலனைக் கண்டார்கள். அதே செடியின் இன்னொரு சேர்மமான வின்கிரிஸ்டின் 1963இல் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் இரத்தப் புற்று வகையில் இன்றும் அது இல்லாமல் சிகிச்சை இல்லை.

ஆக, மரபு கையைக் காட்டியது. காட்டிய திசை வேறு, கிடைத்த பொருள் வேறு.

இலையை மெல்வது பற்றி: அந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள். வின்கிரிஸ்டின் அதில் இருப்பதோ இம்மி. ஒரு கிராம் எடுக்கவே மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலை வேண்டும். மருத்துவமனையில் ஒரு வேளைக்கு வழக்கமாக உச்சவரம்பு 2 மில்லிகிராம், அதுவும் நேராக இரத்தக்குழாயில். அதைத் தாண்டினால் நரம்பு போகும். தவறித் தண்டுவடத்தில் செலுத்தினால் கிட்டத்தட்ட எப்போதும் மரணம்தான். இப்படிப்பட்ட பொருளை இலைக்கணக்கில் மெல்லச் சொல்பவருக்கு அளவு என்ற பேச்சே தெரியாது என்று அர்த்தம்.

மாத்திரைப்பெட்டி:
புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். கதிரொளியின் மூன்றாவது கேள்வி என் வேலைக்கு நெருக்கமானது, அதனால் நடுவில் நுழைகிறேன்.

கீமோ நடக்கும்போது மூலிகை எடுப்பதில் உள்ள ஆபத்து பலர் நினைப்பது மாதிரி 'சூடு' 'குளிர்ச்சி' சமாச்சாரம் இல்லை. கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளை மூலிகை முடுக்கிவிடும், அல்லது கட்டிப்போடும். முடுக்கிவிட்டால் மருந்து சீக்கிரம் கரைந்து பலன் குறையும். கட்டிப்போட்டால் மருந்து தேங்கி நஞ்சாகும். இரண்டுமே வெளியே தெரியாது. நோயாளி நன்றாகத்தான் இருப்பார்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று மனச்சோர்வுக்கு எடுக்கும் ஒரு மூலிகை. அதை இரினோடிகான் என்ற கீமோ மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களிடம் அந்த மருந்தின் வீரியமான வடிவம் இரத்தத்தில் 42 சதவீதம் குறைந்தது. மூலிகையைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றாது, கீமோ கேட்கவில்லை என்றுதான் சொல்வார்கள். பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு சேர்மம் போர்டெசோமிப் என்ற புற்று மருந்தையே பிடித்துக்கட்டி முடக்குவதை ஆய்வகத்திலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் அத்தைக்கு முக்கியமானது இது. டாமோக்சிஃபென் விழுங்கிய வடிவத்தில் பெரிதாக வேலை செய்யாது. கல்லீரல் அதை எண்டாக்சிஃபென் என்று மாற்றிய பிறகுதான் முழு பலன். 2019இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் மஞ்சள் சத்தான குர்குமின் மாத்திரை எடுத்தபோது எண்டாக்சிஃபென் அளவு குறைந்தது. மிளகுச் சத்தான பைப்பரின் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை. அதைத் தாராளமாகச் சாப்பிடட்டும். செறிவூட்டிய மாத்திரை வேறு சங்கதி. 'உறிஞ்சல் அதிகம்' என்று விற்கும் சில மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த கதைகளும் பதிவாகியிருக்கின்றன.

ஆதிரை:
மாத்திரைப்பெட்டி சொல்வது எங்கள் வீட்டில் நடந்தது. அப்பாவுக்குக் கீமோ நடுவே கல்லீரல் நொதி ஏறி, அடுத்த சுற்றைத் தள்ளிப்போட்டார்கள். மருத்துவர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் உறவினர் ஒருவர் கொடுத்த 'இரத்தச் சுத்தி' சூரணத்தை அப்பா ரகசியமாக எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நிறுத்திய பிறகு நொதி இறங்கியது. மருத்துவர் திட்டுவார் என்று பயந்து மறைத்தாராம். டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்து கிடையாது.

மாத்திரைப்பெட்டி:
அந்த மறைப்புதான் பெரிய தலைவலி, ஆதிரை. திட்டாமல் கேட்கிற பழக்கம் எங்கள் பக்கத்திலும் வரவேண்டும். டப்பாவை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள் என்பேன் நான். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தத் தேதியில் தொடங்கினார் என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சூரணம்:
இந்த இழையைக் கொஞ்ச நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முறையாகப் படித்த சித்த மருத்துவன். இரண்டு பக்கத்திலும் சில விஷயம் சொல்ல வேண்டும்.

பச்சிலைப்பித்தன் அவர்களுக்கு: சித்த மருத்துவம் என்றால் இலையைப் பறித்து மெல்வது இல்லை ஐயா. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுக்கு எங்கள் மரபில் பேசப்படும் மருந்து. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம். சுத்தி செய்யாமல் யாரும் கொடுக்க மாட்டோம். என்ன அளவு, எந்த அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் பால், நெய் போன்றது), எத்தனை நாள், என்ன பத்தியம், எல்லாம் இருக்கிறது. வாட்ஸ்அப் அனுப்புகிறவர் இது ஒன்றையும் அனுப்புவதில்லை. எங்கள் பெயரைக் கெடுப்பவர்களில் முதலிடம் அவர்களுக்குத்தான்.

இயற்கை என்பதாலேயே தீங்கில்லை என்பதும் எங்கள் மரபின் பேச்சு இல்லை. ஆடுதின்னாப்பாளை எல்லோருக்கும் தெரிந்த மூலிகை. அந்தக் குடும்பத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றை உண்டாக்கும். பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில் ஒரு செடிக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி கலந்துபோய், 1990களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்குப் பின்னாளில் புற்றும் வந்தது. இன்று அது மனிதருக்குப் புற்றுண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் இருக்கிறது. பழைய ஏடுகளில் இருக்கிறது என்பதற்காக இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க நான் தயாரில்லை.

ஆய்வக_எலிக்கு: நீங்கள் மெத்தனாலில் ஊறவைத்த பசையை வைத்துப் பார்த்துவிட்டு எங்கள் மருந்து வேலை செய்கிறது, செய்யவில்லை என்று எழுதுகிறீர்கள். நாங்கள் மெத்தனாலில் எதையும் காய்ச்சுவதில்லை. பாலில், நெய்யில், நீரில். உங்கள் தட்டில் இருப்பது எங்கள் மருந்தே இல்லை.

ஆய்வக_எலி:
> உங்கள் தட்டில் இருப்பது எங்கள் மருந்தே இல்லை.

நியாயமான அடி, டாக்டர். இதற்கு ஆதரவாக என்னிடமே ஒரு கதை இருக்கிறது. புற்று இல்லை, மலேரியா. சீன விஞ்ஞானி டூ யூயூவின் குழு ஒரு செடியைச் சூடாக்கிச் சாறெடுத்தபோது பலன் நிலையாக வரவில்லை. நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹாங் எழுதிய குறிப்பில் ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று மட்டும் இருந்தது. காய்ச்சு என்ற பேச்சே இல்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று தோன்றி, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரை வைத்து எடுத்தார். ஆர்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015 நோபல் பரிசு. தயாரிப்பு முறையை மதித்துப் படித்ததால் வந்த மருந்து.

புற்றில் இதற்குப் பக்கத்தில் வருவது தாவரம் இல்லை, பாஷாணம். சீனாவின் ஹார்பினில் 1970களில் ஒரு நாட்டு மருந்தில் ஆர்சனிக், பாதரசச் சேர்மம், தேரை நஞ்சு மூன்றும் இருந்தன. சில இரத்தப் புற்று நோயாளிகள் தேறினார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் ஆர்சனிக் மட்டும்தான் வேலைக்காரன், மற்ற இரண்டும் வீண் சுமை. எங்கள் மொழியில் வெள்ளைப் பாஷாணம் என்போமே, அதேதான். இன்று ஒரு குறிப்பிட்ட வகை இரத்தப் புற்றில் அது வைட்டமின் ஏ சார்ந்த ஒரு மருந்தோடு சேர்ந்து பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணப்படுத்துகிறது. அந்த ஒரு வகையில் மட்டும். மற்ற புற்றுகளில் அதே கைவரிசை இல்லை.

பச்சிலைப்பித்தன்:
நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், மரபில் மருந்து இருக்கிறது என்று. அப்படியானால் காப்புரிமைக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லையே?

ஆய்வக_எலி:
திறக்கிறேன். பாக்ளிடாக்சல். பசிபிக் ஊசியிலை மரமான யூவின் பட்டை. 1962இல் அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனத்துக்காகச் சேகரித்தார்கள். நாட்டு மருத்துவக் குறிப்பு எதையும் பார்த்து எடுக்கவில்லை, கண்ணில் பட்ட செடியையெல்லாம் சலித்துப் பார்க்கும் திட்டம். 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகள். மன்றோ வாலும் மன்சுக் வானியும் மூலக்கூறைப் பிரித்து 1971இல் வெளியிட்டார்கள். அந்த மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடையாது. இருந்தும் ஒரு பெரிய நிறுவனம் எடுத்து, 1992இல் சினைப்பைப் புற்றுக்கு அனுமதி வாங்கி, உச்சத்தில் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் விற்றது. லாபம் பார்க்கத் தெரிந்தவன் எப்படியும் வழி கண்டுபிடிப்பான். அமுக்கிவைப்பதில் அவனுக்கு என்ன வருமானம்?

அங்கே தடையாக நின்றது வேறு. பட்டையை உரித்தால் மரம் சாகும். ஒரு கிலோ மருந்துக்குச் சுமார் பத்தாயிரம் கிலோ பட்டை. ஒரு சிகிச்சைக்காகக் காட்டையே அழிக்கும் நிலை. வேறொரு யூ மரத்தின் ஊசியிலையில், பறித்தால் மறுபடி தளிர்க்கும் இலையில், பாதி தயாரான மூலக்கூறு இருப்பதைப் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். மீதியை வேதியியலாளர்கள் ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது தாவரச் செல்லைத் தொட்டியில் வளர்த்தும் எடுக்கிறார்கள்.

வெள்ளெருக்கு:
அது எப்படித்தான் கொல்கிறது? வின்கிரிஸ்டினும் இதுவும் ஒன்றா?

ஆய்வக_எலி:
ஒரே இடத்தில் எதிரெதிரான குறும்பு. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்கள் கட்டப்பட்டு, வேலை முடிந்ததும் கலைக்கப்படும், கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிரிக்கிற மாதிரி. வின்கிரிஸ்டின் சாரத்தைக் கட்டவே விடாது. பாக்ளிடாக்சல் கட்டியதைப் பிரிக்க விடாது. 1979இல் சூசன் ஹார்விட்ஸ் அதைக் காட்டினார். இரண்டிலும் செல் பாதியில் மாட்டிக்கொண்டு சாகிறது. வேகமாகப் பிரியும் எல்லாச் செல்லும் மாட்டும் என்பதால்தான் முடி கொட்டுவதும் வெள்ளணு குறைவதும்.

மேற்கொண்டு ஆர்வமிருந்தால் போடோஃபில்லம் கதையைப் பாருங்கள். இமயத்திலும் வட அமெரிக்காவிலும் வளரும் செடி. அதன் பிசின் மருவைக் கரைக்கும் என்று 1942இலேயே எழுதினார்கள். உள்ளுக்குக் கொடுத்தால் குடலைப் புரட்டிப்போடும் நஞ்சு. மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்ததில் எடோபோசைட் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் மாற்றிய பிறகு அது நுண்குழலைத் தொடுவதே இல்லை, டிஎன்ஏ முறுக்கை அவிழ்க்கும் நொதியைப் பிடிக்கிறது. செடியில் இருந்தது ஒன்று, மருந்தானது வேறொன்று.

கேம்ப்டோதெசின் இன்னும் மோசமாகத் தடுமாறிய பிள்ளை. 1966இல் கண்டுபிடித்து, 70களில் மனிதருக்குக் கொடுத்ததும் சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவு. தூக்கி எறிந்துவிட்டார்கள். அது எந்த நொதியைத் தாக்குகிறது என்று 1985இல் தெரிந்த பிறகுதான் மறுபடி கையில் எடுத்து, 1996இல் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளாக வெளியே வந்தது. முப்பது வருடம். மாத்திரைப்பெட்டி மேலே சொன்ன இரினோடிகான் அதில் ஒன்று.

கதிரொளி:
மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மஞ்சள் பற்றி இன்னும் கொஞ்சம்? ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் இருக்கின்றனவே.

ஆய்வக_எலி:
கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். குர்குமின் எங்கள் ஆய்வகங்களில் பெயர்போன ஏமாற்றுக்காரன். தானே ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும், கரைசலில் சீக்கிரம் உடையும். எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதோ ஒரு பலன் தெரியும். 2017இல் வேதியியலாளர்கள் சிலர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அலசினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருக்கின்றன, போலி மாத்திரையோடு இருதரப்பும் அறியாமல் ஒப்பிட்டு வென்ற ஒன்றுகூட இல்லை என்று எழுதினார்கள். தினம் எட்டு கிராம் விழுங்கினாலும் இரத்தத்தில் சேருவது கொசுறு. குடலும் கல்லீரலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

பச்சிலைப்பித்தன்:
அதற்குத்தான் மிளகு! 2000 சதவீதம் கூடுகிறது என்று ஆய்வே இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:
இருக்கிறது, 1998. ஒன்றுமில்லாததில் இருபது மடங்கு என்ன பெரிய தொகை? அது மட்டுமில்லை, மிளகுச் சத்து மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. அந்த வாசல்காரனையே தூங்கவைக்கிறது. பின்னாலேயே வரும் மற்ற மருந்துகளும் கேட்பாரின்றி உள்ளே போகும். சிலவற்றில் மேலே சொன்ன டாமோக்சிஃபென் மாதிரி பலன் தரும் வடிவம் குறைந்தும் போகும்.

வெள்ளெருக்கு:
கீமோ வேண்டாம், மூலிகை மட்டும் என்று போனவர்களைப் பற்றி ஆய்வு உண்டா? என் நண்பன் அப்பா அப்படித்தான் அடம்பிடிக்கிறார்.

மாத்திரைப்பெட்டி:
உண்டு. 2018இல் அமெரிக்கப் பதிவேட்டை வைத்துச் செய்தது. பரவாத, குணமாக வாய்ப்புள்ள புற்று இருந்தும் மாற்று முறையை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்தரை மடங்குக்கும் மேல். அந்த 281 பேரில் மூலிகைக்காரர்கள் மட்டும் எத்தனை என்று அதில் பிரித்துச் சொல்லவில்லை. அவர்களைக் கொன்றது மூலிகை என்றும் இதற்கு அர்த்தமில்லை. குணமாக்கக்கூடிய மாதங்கள் கையைவிட்டுப் போனதுதான் காரணம். உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், அப்பாவோடு சண்டை போட வேண்டாம். அவருக்குக் கீமோவில் எது பயம் என்று கேட்கச் சொல்லுங்கள். வாந்தி என்றால் இன்று அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

மட்டுறுத்துநர்:
இடையே வந்த இரண்டு 'தொடர்பு கொள்ளவும், நூறு சதவீதம் குணம்' விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. பச்சிலைப்பித்தன், தனிநபர் தாக்குதல் இருந்த ஒரு பதிவும் போய்விட்டது. கருத்தோடு மட்டும் மோதவும்.

பச்சிலைப்பித்தன்:
சரி மட்டுறுத்துநர் அவர்களே. ஆனால் ஒரு மூலக்கூறைப் பிடுங்கி எடுத்தால்தான் மருந்து என்பது உங்கள் பிடிவாதம். முழுச் சாற்றில் பல சேர்மங்கள் கூடி வேலை செய்யலாம். அதை யார் சோதித்தார்கள்?

ஆய்வக_எலி:
இந்த இழையில் நீங்கள் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. சோதித்திருக்கிறார்கள். சீன மரபில் 1800 வருடப் பழமையான நான்கு மூலிகைக் கஷாயம் ஒன்று, வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது. யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் குழு அதை அப்படியே முழுதாக எடுத்து, இரினோடிகான் எடுப்பவர்களின் கடும் வயிற்றுப்போக்கைக் குறைக்குமா என்று பார்க்கத் தொடங்கியது. ஒரு மூலிகையைக் கழித்தால் பலன் மாறுகிறதா என்றும் எலியில் பார்த்தார்கள். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் முந்தையதோடு ரசாயன ரேகையில் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுத்தான் மனிதருக்குப் போனார்கள். அது புற்றைக் கொல்லும் மருந்து என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் வழி இதுதான்.

முழுச் சாறு என்ற வகையிலேயே அமெரிக்க அனுமதி கிடைத்தவையும் உண்டு. பச்சைத் தேயிலைச் சாற்றுக் களிம்பு 2006, மருவுக்கு. ஆகவே கதவு மூடியில்லை. இந்தப் பருவத்தில் பறித்த இலையும் அடுத்த பருவத்து இலையும் ஒரே மருந்துதான் என்று காட்டுங்கள் என்கிறார்கள். அந்த இடத்தில்தான் பெரும்பாலான சாறுகள் தடுக்கி விழுகின்றன.

சூரணம்:
அமுக்கராவில் அப்படி ஒன்று நடந்ததே. எலும்புப் புற்று நோயாளிகளுக்கு, அதிலுள்ள வித்தாஃபெரின் என்ற சேர்மத்தின் அளவை நிர்ணயித்த சாற்றை முதல்கட்டச் சோதனையில் கொடுத்தார்கள்.

ஆய்வக_எலி:
ஆமாம், படித்தேன். பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள், சிலருக்குக் கல்லீரல் நொதி ஏறியது. வாய்வழி உறிஞ்சல்தான் மிக மோசம். தட்டில் புலி, குடலில் பூனை.

சூரணம்:
மாத்திரையாக வெறும் தண்ணீரில் விழுங்கினால் வேறென்ன ஆகும்? அமுக்கராவை நாங்கள் பாலோடும் நெய்யோடும் கொடுப்போம். அனுபானம் ருசிக்காக இல்லை. கொழுப்பில் கரைவது கொழுப்போடு போனால்தானே உள்ளே சேரும்? இதை ஏன் யாரும் அளந்து பார்க்கவில்லை என்பது என் பல வருட ஆதங்கம்.

ஆய்வக_எலி:
புற்று நோயாளிகளே வேண்டாம் டாக்டர் இதற்கு. ஆரோக்கியமான சிலர் போதும். ஒரே தொகுதிச் சாறு, ஒரு முறை தண்ணீரோடு, இடைவெளி விட்டு இன்னொரு முறை நெய்யோடு. மணிக்கொரு முறை இரத்தம் எடுத்து வித்தாஃபெரினை அளந்தால் முடிந்தது. நெறிமுறைக் குழு அனுமதியும் கல்லீரல் பரிசோதனையும் கட்டாயம். அளக்கிற கருவி எங்களிடம் இருக்கிறது.

சூரணம்:
தனிமடல் அனுப்பியிருக்கிறேன். நெய்யில் சூரணத்தைக் குழைத்துக் கொடுப்பதா, நெய்யிலேயே காய்ச்சி வடித்த கிருதமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றில்லை. காய்ச்சினால் வித்தாஃபெரின் எவ்வளவு தங்குகிறது என்று நெய்யையே உங்கள் கருவியில் போட்டுப் பாருங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஆய்வக_எலி:
அனுப்புங்கள். வேர் எந்தத் தொகுதி, எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள் என்று புட்டியில் எழுதி அனுப்புங்கள். காய்ச்சாத நெய்யிலும் ஒரு புட்டி வேண்டும், ஒப்பிட.